நாற்பத்தோராம் பக்கம்

அவள் தாள்கட்டைப் பூங்காவனத்தின் முன்னால் வைத்தாள். போட்டாள் என்றும் சொல்லலாம்.

நூற்றெண்பது பக்கம். எழுதியவர் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போகும். அவள் பிழை திருத்தும் இந்தப் பதிப்பகத்தில் அப்படித்தான். மதியம் அச்சகத்திலிருந்து ஆள் வருகிறான்.

பூங்காவனம் தோல் ஆலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வாணியம்பாடியிலிருந்து காலை ரயிலில் வந்திருந்தார். பட்டுப்புடவை. சொந்தப் புத்தகம் அல்லவா.

எழுதியது கோடு போட்ட மூன்று நோட்டுகளில்.

நாற்பத்தோராம் பக்கத்துக்கு வரவேண்டியது நோட்டில் இப்படி இருந்தது:

எங்க ஊட்டுக்காரு தொட்டியில எறங்குச்சு. ஏறல.

“புருஷன் என்ன ஆடா மாடா, எறங்குச்சு ஏறுச்சுன்னு? இலக்கணம்னு ஒண்ணு இருக்கும்மா. மாத்து.”

போன மாதம் பதிப்பாளர்தான் அவளிடம் சொன்னார்.

அதே வாரம் அவள் மேசையில் ஒரு பெரிய எழுத்தாளரின் நாவலும் கிடந்தது. ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம். யார் எதைச் செய்தார் என்று எழுதிய ஆளுக்கே தெரியாது. நடுவில் ஒரு முற்றுப்புள்ளி வைத்தாள். பதிப்பாளர் பதறிப்போனார். அது நடையாம். கை வைக்கக் கூடாதாம். அந்த ஆளுக்குப் போன் போட்டு மன்னிப்பு வேறு கேட்டார்.

தூ.

அவள் மட்டும் என்ன யோக்கியம்? மாற்று என்றதும் மாற்றினாள். வீட்டிலேயே முதல் டிகிரி. இலக்கணத்தில் தொண்ணூற்றாறு மார்க். மாற்றிவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் நினைத்தும் தொலைத்தாள்.

“படிக்கவே வேணாம்மா, எல்லாம் பக்காவா இருக்கு.” பதிப்பாளர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

பூங்காவனம் உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

அவள் தாள்கட்டிலிருந்து நாற்பத்தோராம் பக்கத்தை உருவினாள். பூங்காவனத்தின் கையில் கொடுத்தாள்.

விரல் வரிக்குக் கீழே மெதுவாக நகர்ந்தது.

என் கணவர் கழிவுநீர்த் தொட்டியினுள் இறங்கினார். அந்தோ, மீண்டு வரவில்லை.

‘அந்தோ’ பதிப்பாளரின் சொந்தச் சரக்கு.

விரல் அங்கேயே நின்றது.

“யாரு கண்ணு இந்தம்மா? பாவம். நமக்கு ஆன மாதிரியே ஆயிருக்குது.”

பதிப்பாளர் சிரித்தார்.

“உங்க புஸ்தகம்தாம்மா இது.”

பூங்காவனம் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்னால் ஒன்றுமில்லை. மறுபடி முன்பக்கம் பார்த்தார்.

பதிப்பாளரின் பேனா நீண்டபடியே இருந்தது.

அவள் அதை வாங்கி, மூடினாள்.