பத்தில் ஒருத்தர்

இருபது வருஷ அனுபவத்தில் அந்த விசா ஆலோசகர் தெரிந்தே தவறான வழியைக் காட்டுவது இதுதான் முதல் தடவை.

எதிரே புதுப் பட்டதாரிப் பெண். மொழித் தேர்வில் மதிப்பெண்ணை அள்ளிக்கொண்டு வந்திருந்தாள். மாணவர் விசா கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கொடுப்பார்கள்.

"நீ தொழில் தொடங்கற விசாவுக்கே போடும்மா."

"அது எத்தனை பேருக்குக் கிடைக்குது மேடம்?"

வசமாக மாட்டிக்கொண்டார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை.

"பத்துல ஒருத்தருக்கு."

"சரி, அதையே போடுங்க." மளமளவென்று கையெழுத்துப் போட்டாள்.

ஆலோசகருக்கே பொறுக்கவில்லை. "ஏம்மா, கொஞ்சம் யோசிக்க வேணாமா?"

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவளுடைய சான்றிதழ்களை மடியில் வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருந்தார். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அப்பாவைத் தனியா விட்டுட்டுப் போக எனக்கு மனசே இல்ல மேடம். ஆனா, பொண்ணு வெளிநாடு போறான்னு லிஃப்ட்காரர் வரைக்கும் சொல்லிப் பூரிச்சுப் போறாரு. மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? தூதரகத்துலயே சொல்லிடட்டும்."

ஆலோசகர் பேனாவைக் கீழே வைத்தார்.

"காலையில உங்கப்பா போன் பண்ணாரும்மா. 'பொண்ணு ஆசைப்படறா, போகாதேன்னு சொல்ல வாய் வரல. கண்டிப்பா கிடைக்காத விசாவாப் பார்த்துப் போட்டுடுங்க'ன்னு அழுதாரு."

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

மகள் பார்ப்பதைக் கண்டதும் அப்பா அவசரமாக ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.