உடையாத கோடு

“பாருங்க தம்பி, என் பொண்ணுங்க பேரு மறுபடியும் உடைஞ்சிருக்கு,” என்று அட்டையை மேசைமேல் வைத்தாள் அந்தப் பெண்.

அச்சகத்தில் கணினி பார்ப்பவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இது மூன்றாவது தடவை. ‘எங்கள் செல்லங்கள்’ என்று தொடங்கி, சிறு கோட்டால் இணைத்த இரண்டு பெயர்கள். கீழே ஒரு தேதி. அவ்வளவுதான் அட்டை. வரியில் இடம் போதாமல் ஒருத்தி மேலேயும் மற்றவள் கீழேயுமாக நின்றார்கள்.

“அந்தக் கோட்டுகிட்ட கம்ப்யூட்டர் தானாவே பிரிச்சிடும்க்கா. பிறந்தநாள் அட்டைய யாரு இவ்வளவு உத்துப் பார்க்கப் போறாங்க?”

“நான் பார்ப்பேன்.”

அலுத்துக்கொண்டே கண்ட்ரோல், ஷிப்ட் விசைகளைக் கோட்டு விசையோடு சேர்த்து அழுத்தி, உடையாத கோட்டைப் போட்டான். இரண்டு பெயர்களும் சேர்ந்தே அடுத்த வரிக்கு இறங்கின.

“இனிமே பிரியாது. மேல ஒரு பலூன் படம் வைக்கட்டுமா?”

“வேணாம் தம்பி.” திரையில் அந்தக் கோட்டை விரலால் தொட்டாள். “ஒட்டிப் பிறந்ததுங்க. பிரிச்சா பொழைக்கும்னு டாக்டர் சொன்னாரு. ஆபரேஷன் அன்னிக்கே ரெண்டும் போயிடுச்சு. அந்தத் தேதிதான் கீழ இருக்கு.”

அவன் மேசைமேல் இருந்த பழைய அட்டையைக் கவிழ்த்து வைத்தான்.

“பிரிங்கன்னு கையெழுத்துப் போட்டவ நான்தான்,” என்றாள்.