நர்ஸம்மா பேசறேன்

சாம்ராஜ்யம் என்கிற பெண் மேஸ்திரியையே கூலிக்காரி மாணிக்யம் ஏமாற்றிய கதை இது. வயிறு வலிக்கச் சிரிக்கலாம். ஆனால் கொஞ்சம் பொறுக்கணும். முதலில் மாத்திரை விஷயம்.

குண்டூர்ப் பக்கத்து மிளகாய்த் தோட்டம். மதியச் சோறு முடிந்ததும் சாம்ராஜ்யம் இடுப்புப் பையைத் திறப்பாள். ஆளுக்கொரு வலி மாத்திரை. விழுங்கிவிட்டுக் குனிந்தால் பொழுது சாயும்வரை காய் பறிக்கலாம்.

வரிசையின் கடைசியில் கோட்டேஸ்வரி காத்திருந்தாள். ஏழு மாத வயிறு.

"அடியே, அது ஆகாதுன்னு நர்ஸம்மா நேத்துதானே கத்தினாங்க? 'குழந்தையோட இதயத்தையே பாதிக்கும். வலிச்சா என்கிட்ட வா, வேற தர்றேன்'னு!" அந்த நர்ஸின் மூக்குக் குரலிலேயே கேட்டாள் மாணிக்யம்.

"இது இல்லாம குனிய முடியலக்கா. குனியலேன்னா நாளைக்கு மேஸ்திரி ஆட்டோவுல ஏத்த மாட்டா."

நிஜம்தான். சாம்ராஜ்யம் இரக்கம் பார்த்ததாக யாரும் சொன்னதில்லை.

மாணிக்யம் ஆட்டோக்காரனிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓடினாள். அங்கிருந்து சாம்ராஜ்யத்தைக் கூப்பிட்டாள், அதே மூக்குக் குரலில்.

"ஏம்மா சாம்ராஜ்யம்! நர்ஸம்மா பேசறேன். பிள்ளைத்தாச்சிக்கு வலி மாத்திரை குடுக்கறியாமே? ஏதாச்சும் ஆச்சு, போலீஸ்தான்!"

"ஐயோ, சரிங்கம்மா... சரிங்கம்மா..."

முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள் மாணிக்யம்.

சாம்ராஜ்யம் எல்லாருக்கும் கேட்கிறாற்போலச் சொன்னாள்: "கோட்டேஸ்வரி, நர்ஸம்மா உத்தரவு. உனக்கு மாத்திரை கிடையாது. படுதாவுல உக்காந்து, காயற மிளகாய்ல வெளுத்ததைப் பொறுக்கு. கூலி அதேதான்."

ஒருத்தியும் முணுமுணுக்கவில்லை.

சாயங்காலம் ஆட்டோ ஏறும்போது மாணிக்யத்தின் கையைப் பிடித்து நிறுத்தினாள் சாம்ராஜ்யம்.

"தினம் காலையில நான் கூப்பிடற நம்பருடி அது. ஆட்டோக்காரன் போன்ல எந்த நர்ஸு பேசுவா?"

மாணிக்யம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "தெரிஞ்சுமாக்கா...?"

"நானா உக்காருன்னா, பத்துப் பேரு இடுப்பைப் பிடிச்சிக்கிட்டு வருவாளுங்க. நர்ஸு சொன்னா வாயைத் திறக்க மாட்டாளுங்க. நாளைக்கும் பேசு."

ஏறப் போன சாம்ராஜ்யம் நின்றாள்.

"எட்டாம் மாசத்துல நானும் இதைப் போட்டுக்கிட்டுத்தான் குனிஞ்சேன். அதனாலதான் குழந்தை போச்சான்னு தெரியாது. பொய்யாவாவது ஒரு நர்ஸம்மா எனக்காகப் பேசியிருக்கலாம்டி."