மூன்று கிலோமீட்டர் உயரத்தில் மண்

கணினித் திரையில், மூன்று கிலோமீட்டர் உயரத்தில், சிவப்பாக ஒரு பட்டை ஓடியது.

“இன்னாடி அது?” என்றாள் அஞ்சம்மாள்.

கையிலிருந்த தூக்குவாளியை அவள் இன்னும் இறக்கவில்லை. மகன் ஆகாஷுக்கு அன்று இரண்டாம் வருடத் திதி. தூசி வந்திருப்பதால் ஆய்வகத்தை விட்டு நகர முடியாது என்று மகள் சொல்லிவிட்டாள். படையல் சோறும் மீன் குழம்பும் எடுத்துக்கொண்டு புதுச்சேரி உப்பளம் பகுதியிலிருந்த அந்த ஆய்வகத்துக்கு அஞ்சம்மாளே நடந்து வந்திருந்தாள்.

“மண்ணும்மா. பாலைவனத்து மண்ணு. காத்து தூக்கிக்கினு வருது” என்றாள் கலையரசி.

பச்சை லேசர் ஒளியை வானத்துக்கு அனுப்பி, அது திரும்பி வருவதை வைத்துத் தூசி எந்த உயரத்தில் மிதக்கிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை.

அஞ்சம்மாள் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆகாஷ் சவுதியில் தண்ணீர் லாரி ஓட்டினான். மணற்புயலில் வழி தெரியாமல் லாரி கவிழ்ந்தது. முதலாளிக்குத் தெரியாமல் வேலை மாறியிருந்ததால் அவனிடம் சரியான ஆவணங்கள் இல்லை. வீட்டுக்குத் தகவல் வருவதற்குள் அங்கேயே புதைத்துவிட்டார்கள். எந்த இடம் என்றுகூட யாரும் சொல்லவில்லை.

அஞ்சம்மாள் அழவில்லை. முகத்தைப் பார்க்காமல் எப்படி அழுவது? தெருப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு கதறியபோதும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். போன மாதம்கூட அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து வைத்தாள்.

“இது அவன் இருக்கற ஊரு மண்ணா?”

கலையரசி பக்கத்தில் அணைந்திருந்த கணினியை ஒருமுறை பார்த்தாள்.

“ஆமாம்மா.”

“கீழ எறங்குமா?”

“எறங்கும். கொஞ்சங்கொஞ்சமா.”

அஞ்சம்மாள் தூக்குவாளியை மேசையில் வைத்துவிட்டு மாடி ஏறினாள். சாயங்கால வெயில் மங்கிப் பழுப்பாகக் கிடந்தது. அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அப்படியே தரையில் சரிந்து, மார்பில் அடித்துக்கொண்டு, மகன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

பின்னாலேயே போன கலையரசி கடைசிப் படியில் நின்றாள். அழட்டும் என்று திரும்பி வந்தாள்.

பக்கத்துக் கணினியை அம்மா வரும்போதே அணைத்திருந்தாள். தூசி எந்த வழியாக வந்தது என்று காற்றின் போக்கைப் பின்னோக்கிக் கணக்கிட்ட வரைபடம் அதில் இருந்தது. புதுச்சேரியிலிருந்து கிளம்பிய கோடு தக்காணத்தைக் கடந்து, ராஜஸ்தான் மணலில் போய் நின்றுவிட்டது.

காலையிலிருந்து கலையரசி, உயரத்தை மாற்றி, நேரத்தை மாற்றி, திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒருமுறைகூட அது கடலைத் தாண்டவில்லை.