இடது பக்கம் இரண்டு விரல்

"நட்டநடுவுல ஊத்துற உலோகம் எதுக்கும்மா இடது பக்கமா ஓடுது? அங்க அதுக்கு என்ன மாமியார் வீடா இருக்கு?"

பிரிவுத் தலைவர் கணினித் திரையைத் தட்டிக் காட்டினார். திரையில், உருக்கி ஊற்றிய உலோகம் மேடை மேல் பரவி உறைந்து நின்றது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் வட்டமாக இல்லை. இடது ஓரம் மட்டும் இரண்டு விரல் கூடுதலாக நீண்டிருந்தது.

"ஒரு வரி விடாம தேடிட்டேன் சார். கணக்குல தப்பே இல்ல," என்றாள் கணக்கம்மா. உலைக்கூடத்தில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"நாளைக்குப் பாதுகாப்புக் குழு வருது. அவங்க கண்ணு முன்னால நிஜமாவே ஊத்தப் போறோம். சின்னதா ஒரு திருத்தம் போட்டு வட்டமாக்கிடேன், யாருக்குத் தெரியப் போகுது?"

"மாட்டேன் சார். என்னைக்காவது அணு உலை உருகி வழிஞ்சா, அது எதுவரைக்கும் ஓடி எங்க உறையும்னு சொல்லத்தானே இந்தக் கணக்கு? இதை நம்பித்தானே உலைக்கு அடியில தொட்டி கட்டப் போறாங்க? அதுல போய் நான் பொய் எழுதவா?"

எட்டு வருட உழைப்பு. மேடையைக் கருவி வைத்து இம்மி இம்மியாக அளந்து, அந்த லட்சக்கணக்கான எண்களை அப்படியே கணினிக்கு ஊட்டியிருந்தாள். பதினோரு விநாடியில் உறையும் உலோகத்தைக் கணக்கிட அது பத்தொன்பது நாள் எடுத்துக்கொண்டது. நிஜம் இதோடு ஒத்துப்போகாவிட்டால் அத்தனையும் குப்பைக்கூடைக்குத்தான். படத்தை அப்படியே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டாள்.

அன்று வீட்டில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"வட்டமா வந்துட்டா போதும்ங்க. எனக்கு வேற எதுவுமே வேண்டாம்," என்று கணவரிடம் மூக்கை உறிஞ்சினாள்.

அவர் அதே கூடத்தில் ஃபிட்டர். இரும்பு எப்பேர்ப்பட்ட முரண்டு பிடித்தாலும் வழிக்குக் கொண்டுவந்துவிடுவார். பெண்டாட்டி அழுதால் மட்டும் கை கால் ஓடாது. "அட, வரும் விடு. முதல்ல சாப்பிடு," என்று தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்பே வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் குழு நின்றது. அந்தப் பக்கம் கொப்பரையைச் சாய்த்தார்கள்.

அப்பப்பா! தகதகவென்று இறங்கிய உலோகம் மேடையில் பால் மாதிரி பரவியது. ஓரத்தில் மெல்லிய ஆடை கட்டியது. உள்ளே இருந்தது முட்டி ஆடையைக் கிழித்துக்கொண்டு வர, அதன் மேல் மறுபடி ஆடை கட்டியது. ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு மடிப்பு. பதினோராவது விநாடியில் எல்லாம் அடங்கிப்போனது. கணினி சொன்ன அதே ஏழு, அதே பதினொன்று! அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. நேற்றுவரை எண்ணாக மட்டும் இருந்தது இன்று கண்ணெதிரே உறைகிறதே!

குழுத் தலைவி உறையைப் பிரித்தார். படத்தையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மடிப்பு சரி, நேரம் சரி. எனக்கே புல்லரிக்குது. ஆனா அங்க அச்சு வார்த்த மாதிரி வட்டம். உங்க படத்துல இடது பக்கம் இரண்டு விரல் நீளுதே? அணு உலைக்கு அடியில இரண்டு விரல்ங்கிறது விளையாட்டு இல்லம்மா. என்னால இதை ஏத்துக்க முடியாது."

அவர் பேனாவைத் திறந்தார். கணக்கம்மாவின் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து ஃபிட்டர் கையைத் துடைத்தபடி உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்ன முழிக்கிற? நீ கேட்ட மாதிரியே வட்டமா வந்துச்சா இல்லையா? ரசமட்டம் வச்சுப் பார்த்தேன், மேடை இடது பக்கமா ஒரு நூல் இறங்கிக் கிடந்துச்சு. அதான் காலைல முதல் வேலையா அடியில தகடு கொடுத்து நிமித்திட்டேன்!"

குழுத் தலைவியின் பேனா அந்தரத்தில் நின்றது.

"நம்ம யாருக்குமே தெரியாத சாய்வு இந்தக் கணக்குக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார் மெதுவாக. "அந்தத் தகட்டை உருவிட்டு, இன்னொரு தடவை ஊத்துங்க."