வெள்ளிக்கிழமை மெத்தனால்

“வெயிலே படாத பொடி எப்படிம்மா வேலை செய்யும்?”

பேராசிரியை அமுதவல்லி இலக்கியாவைப் பார்த்துக் கேட்டார். ஐந்து வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு அவள் உருவாக்கிய மஞ்சள் பொடி அது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கோடிக்கணக்கில் உண்டு. ஆவியோ புகையோ, அருகில் வந்தால் உள்ளே இழுத்து வைத்துக்கொள்ளும். வெயில் பட்டால் கரியமில வாயுவை மெத்தனாலாக மாற்றும். தினமும் ஒரு குப்பியை மொட்டை மாடி வெயிலிலும், இன்னொன்றைக் கறுப்புத் துணி சுற்றி அலமாரியிலும் வைப்பாள். இருட்டுக் குப்பியில் மெத்தனால் வரவே கூடாது.

வெள்ளிக்கிழமை மட்டும் வந்து தொலைக்கிறது. மூன்று வாரமாக இதே கூத்து. பொடிக்குக்கூடவா நாள் கிழமை தெரியும்?

“இந்த வெள்ளியும் வந்துச்சுன்னா தீசிஸ்ல கையெழுத்துப் போட மாட்டேன். காரணம் தெரியணும்” என்று அமுதவல்லி கறாராகச் சொல்லிவிட்டார்.

இலக்கியா புகையைத்தான் சந்தேகப்பட்டாள். இலையோ கட்டையோ, எது புகைந்தாலும் அதில் துளி மெத்தனால் இருக்கும். லேபில் கூட வேலை பார்க்கும் விக்ரம் சிகரெட் பிடிப்பவன். வெள்ளிக்கிழமை உள்ளே வராதே என்றாள். டீக்கடையோடு சரி, இங்கிட்டு நான் பிடிப்பதே இல்லை என்று முறைத்துக்கொண்டு போனான். கூட்டித் துடைக்கும் இருளாயியையும் விடவில்லை. அன்றைக்கு வேலை முடியும்வரை வர வேண்டாம் என்றதும், இருளாயியின் முகம் சுண்டிப்போனது.

வியாழன் மாலை லேபைப் பூட்டிச் சாவியை ஆலங்குடியில் இருக்கும் தன் வீட்டுக்கே கொண்டுபோனாள். வெள்ளி காலை முதல் பஸ்ஸில் வந்து, தானே திறந்து, பொடியின் மேல் குனிந்து கவனமாக நிறுத்து, குப்பிகளை மூடினாள். ஈ காக்கா உள்ளே வரவில்லை.

மாலையில் இருட்டுக் குப்பியைச் சோதித்தாள். மெத்தனால் இருந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

விளக்குமாற்றோடு வாசலில் நின்ற இருளாயிக்கு மனசு கேட்கவில்லை. கோபத்தை மறந்து வந்து தலையைத் தடவிக் கொடுத்தாள்.

“அழுகாத பாப்பா. மத்த நாள்ல இந்த ரூம்பே மருந்து நாத்தம். வெள்ளிக்கிழமை நீ வந்தாத்தான் கோயிலாட்டம் மணக்குது.”

இலக்கியாவின் அழுகை சட்டென்று நின்றது. பின்னலை முன்னால் இழுத்து முகர்ந்து பார்த்தாள்.

போன மாதம் அவளுக்குச் சளி பிடித்ததிலிருந்து, “ஈரத்தலையோட போனா ஒடம்புக்கு வந்து ஒன் ஆராய்ச்சியே கெட்டுப்போகும்டி” என்று, வெள்ளிதோறும் அவள் தலைக்குக் குளித்ததும் தேங்காய் மட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு, கூந்தலுக்குப் புகை காட்டி அனுப்புவது அம்மாதான்.