மீதி ரெண்டு பேர்

"முதல் செட்டுல நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு பேர் தேறியிருக்காங்கம்மா! சுவரைப் பாருங்க, எல்லாம் நம்ம பிள்ளைங்கதான்!"

வெள்ளைக் கோட்டு போட்ட ஆலோசகர் கையை வீசிக் காட்டினார். சுவர் முழுக்கச் சிரித்த முகங்கள். சுண்ணாம்பு தெரிய ஒரு விரற்கடை இடம்கூட இல்லை.

அம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"சரி தம்பி. மீதி ரெண்டு பேர்?"

"அதை விடுங்கம்மா. டாக்டர் மேடம் எப்போ சேர்றாங்க? அதைச் சொல்லுங்க."

"அவ இன்னும் டாக்டர் ஆகலை. அதுக்குத்தானே உங்க படி ஏறியிருக்கோம்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள். மருத்துவம் படித்து முடித்துவிட்டாள். லைசென்ஸ் பரீட்சையில்தான் இரண்டு முறை கோட்டை விட்டிருக்கிறாள். மொத்தமே மூன்று முறைதான் எழுத விடுவார்கள். இதுவும் போனால், அத்தனை வருஷம் படித்தவள் ஒரு காய்ச்சல் மாத்திரைகூட எழுதித்தர முடியாது.

காலையிலிருந்து அவர்கள் ஏறி இறங்கிய பயிற்சி மையங்களில் இது மூன்றாவது. முதல் இடத்தில் புத்தகங்களைச் சக்கரம் வைத்த பெட்டியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். "இதைத் தூக்கறதுக்கே தனியா ஒரு கோர்ஸ் வேணும் போலிருக்கே" என்று அம்மா எழுந்துவிட்டாள். அடுத்த இடத்தில் ஐநூறு மணி நேர வீடியோ. இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் பாதி நேரத்தில் முடிந்துவிடுமாம். ஓடவிட்டும் காட்டினார்கள். "டப்பாவுக்குள்ள மாட்டின வண்டு மாதிரியில்ல இருக்கு!" என்றாள் அம்மா.

ஆலோசகர் மகள் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்கு எங்க வழுக்குதுன்னு நான் சொல்லட்டுமா? முதல் மணி நேரம் ஜோராப் போகும். அப்புறம் நாலு விடையில ரெண்டைத் தள்ளிடுவீங்க. மிச்ச ரெண்டும் சரி மாதிரியே இருக்கும். ஒண்ணைக் குறிப்பீங்க, அழிப்பீங்க, இன்னொண்ணைக் குறிப்பீங்க. வெளியே வந்து பார்த்தா, அழிச்சதுதான் சரி!"

மகள் நிமிர்ந்தாள். "அப்படியேதான் சார்!"

"பரீட்சை ஹால்ல மூணாவது வரிசை கிடைச்சா காதுல பஞ்சு வச்சுக்குங்க. அங்க இருக்கிற மின்விசிறி ஓயாம கடகடங்கும். மனுஷனுக்குத் தன் பேரே மறந்துடும்."

"எப்படி சார் இவ்வளவு துல்லியமாச் சொல்றீங்க?"

"எல்லாம் அனுபவம்தான்" என்றார் அவர், கூச்சத்தோடு.

உள்ளே வகுப்பறையில் மைக் அதிர்ந்தது. "இந்த இடத்துலதான் எல்லாரும் ஏமாறுவாங்க! நல்லாக் கேட்டுக்குங்க!"

"எங்க பெரிய சார். கேள்வியைப் பார்த்த மாத்திரத்துல பொறி எங்க இருக்குன்னு சொல்லிடுவார்" என்றார் ஆலோசகர்.

மகளின் முகத்தில் பல நாள் கழித்து ஒரு வெளிச்சம். "அம்மா, இங்கயே சேர்ந்துடறேனே."

"இரு பாப்பா." அம்மா விடுவதாக இல்லை. "தம்பி, அந்த ரெண்டு பேர்?"

"தண்ணி குடிக்கிறீங்களாம்மா?"

"தண்ணி இருக்கட்டும். நான் முப்பத்திரண்டு வருஷம் வார்டு நர்ஸா இருந்தவ. நூறு பேர் படுத்திருந்து தொண்ணூத்தெட்டு பேர் தேறிட்டாங்கன்னு வைங்க. பெரிய டாக்டர் வந்து அந்தத் தொண்ணூத்தெட்டு பேரையும் பார்த்துச் சிரிச்சுட்டுப் போவார். நான் நேரா மீதி ரெண்டு கட்டிலுக்குத்தான் போவேன். அதைப் பார்த்தாத்தான் ஆஸ்பத்திரியோட லட்சணம் தெரியும். சொல்லுங்க, அவங்களை என்ன பண்ணீங்க?"

ஆலோசகர் கதவை ஒரு முறை பார்த்தார். குரல் தானாக இறங்கியது.

"வெளியே சொல்லிடாதீங்கம்மா. ஒருத்தர், இப்போ உள்ளே மைக்குல பேசிட்டிருக்காரே, அவர்."

"பெரிய சாரா! இன்னொருத்தர்?"

அவர் கோட்டின் மேல் பொத்தானைத் திருகினார். "அந்த மூணாவது வரிசை மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதினது... நான்தான்."

"அப்போ தேறினவங்கள்ல ஒருத்தர்கூட இங்க பாடம் எடுக்கலையா?"

"அவங்களுக்கு எங்கம்மா நேரம்? எல்லாரும் நோயாளி பார்க்கப் போயிட்டாங்க. தேறாதவங்களை மையமே வேலைக்கு வச்சுக்கும். அதுதான் இங்க வழக்கம்."

மகள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். முகத்து வெளிச்சம் அணைந்திருந்தது. "வாம்மா, போகலாம்."

அம்மா நாற்காலியை மேஜைப் பக்கம் இன்னும் கொஞ்சம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"உட்காருடி. தம்பி, ஃபாரத்தைக் கொடுங்க."

"அம்மா! தேறாதவங்ககிட்டயா படிக்கச் சொல்றே?"

"எங்க ஆஸ்பத்திரியில தேறாத கேஸை வீட்டுக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லிடுவாங்க. இங்க வேலை கொடுத்து வச்சிருக்காங்க பாரு! தேறினா டாக்டர், தேறலைன்னா வாத்தியார். எப்படிப் பார்த்தாலும் உனக்கு வெள்ளைக் கோட்டு நிச்சயம்டி!"